பிந்தி வந்த அப்போஸ்தலர்

ஞாயிறு காலைப் பூசையில் நீங்கள் பலமுறை கண்ட காட்சிதான் இது. முதல் வாசகம் நடந்துகொண்டிருக்கும். பக்கத்துக் கதவு கிறீச்சிடும். உடனே பத்துப் பதினைந்து தலைகள் திரும்பும். வந்தவர் நுனிக்காலில் நடந்து, பெஞ்சு ஓரத்தில் இடம் தேடுவார். அங்கே முன்னமே உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து கொடுக்குமுன் அவரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தத் தாமதத்தைப் பற்றியும், அந்தப் பார்வையைப் பற்றியும் இவ்வாரம் சற்று யோசிப்போமா?

சென்னைவாசிகளுக்குப் பிந்துவது பிறவிக்குணம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதற்கு ஒரு சரித்திர ஆதாரங்கூடக் காட்டலாம். முற்காலத்தில் நமது பட்டணத்துக்கென்று தனி நேரம் இருந்தது. நுங்கம்பாக்கத்து வானிலைக்கூடம் கணித்த அந்தச் 'சென்னை நேரத்தை' வைத்தே ரயில் வண்டிகளும் ஓடின. 1906-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தேசம் முழுவதற்கும் ஒரே நேரம் ஏற்பட்டபோது, நம் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அந்த 9 நிமிஷத்தை நம்மில் சிலர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை போலும்!

வேடிக்கை இருக்கட்டும். தாமதம் நம் குணமே என்றால், அது எல்லா இடத்திலும் தெரிய வேண்டுமல்லவா? அப்படித் தெரிகிறதா? ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் தூதரகத்தில் விசாவுக்கு நேர்முகம் என்றால், அடையாற்றிலிருந்து விடியுமுன்னே புறப்பட்டு, வாசலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருக்கிறோம். எழும்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் தி. நகர் நெரிசலையும் மழையையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுகிறோம். ஞானோபதேச வகுப்பு முடிந்த பிள்ளையை அழைத்துவரப் போவதும் அதே மனிதர்தான். ஆனால் அங்கே அரைமணி பிந்திப் போகிறார். பிள்ளையைத் தனியே விட்டுப் போக மனமில்லாத உபதேசம் சொல்லும் அம்மாள், தன் வீட்டு அடுப்பை நினைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருக்கிறார். கைபேசியில் கேட்டால், "இதோ ஐந்து நிமிஷம்" என்று பதில் வருகிறது. பதில் சொன்னவர் அப்போது வீட்டுப் படியைக்கூட இறங்கியிருக்கமாட்டார்.

ஆகவே சகோதரரே, நேரத்தோடு வரத் தெரியாதவர்கள் நம்மில் மிகக் குறைவு. யாரைக் காக்க வைத்தால் நமக்குத் தீங்கில்லை என்று நன்றாகத் தெரிந்தவர்களே அதிகம். நீங்கள் சென்ற மாதத்தில் யார் யாருக்குப் பிந்திப் போனீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வயதான தாயார், தையற்காரர், பூசை வைக்கும் சுவாமியார், கடைசியில் சர்வேசுரன். கோபித்துக்கொண்டு நமக்கு நஷ்டம் விளைவிக்கக்கூடியவர் அந்த வரிசையில் ஒருவராவது இருப்பாரா?

பிறர் தாமதத்தை நாம் மதிப்பதும் இந்த அளவுகோலைக் கொண்டே. விழாவுக்குத் தலைமை வகிக்க வருகிற பெரிய மனிதர் ஒரு மணி பிந்தி வந்தாலும், ஓடிச்சென்று மாலையிடுகிறோம். "எத்தனை அலுவல்களுக்கிடையே நமக்காக வந்தாரே" என்று மெச்சுகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் பத்து நிமிஷம் பிந்தினாலோ, வாசற்படியிலேயே விசாரணை தொடங்கிவிடுகிறது. எத்தனை வீட்டுப் பாத்திரங்களை முடித்துவிட்டு வருகிறார், பஸ் எங்கே நின்றது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ஒரே கடிகாரம், ஒரே தாமதம். ஆனால் ஒருவருக்கு அது கௌரவமாகவும் மற்றவருக்குக் குற்றமாகவும் ஆகிவிடுகிறது.

இதில் பணமும் சேரும்போது காரியம் இன்னும் கனமாகிறது. கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்பது மோயீசன் மூலமாகக் கொடுக்கப்பட்ட கட்டளைகளில் ஒன்று. லேவியராகமத்தின் 19-ம் அதிகாரத்தில் காணலாம். கொடுக்காமல் ஏமாற்றுவதைத் தனியே கண்டித்துவிட்டு, கொடுப்பதில் பிந்துவதையும் வேதம் விட்டுவைக்கவில்லை. இதை எழுதுகிற நானே, எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் பெரியவரைச் சில்லறை இல்லையென்று மூன்று நாள் அலைய வைத்தவன். சில்லறை இல்லை என்பது உண்மைதான். அதே மூன்று நாளில் மின்சாரக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு முன்னே செலுத்திவிட்டேன் என்பதும் உண்மை. மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்களே! பெரியவரோ மறுநாளும் என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார்.

பூசைக்குப் பிந்துவதற்கு வருவோம். காணிக்கை ஒப்புக்கொடுத்தல், எழுந்தேற்றம், நன்மை வாங்குதல் ஆகிய மூன்றும் பிரதான பாகங்கள் என்றும், அதற்கு முந்திய பகுதியைத் தவறவிட்டால் அற்பப் பாவம் என்றும் பழைய ஞானோபதேசத்தில் கற்றவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அதைக் கேட்ட சிலர், காணிக்கைக்கு முன் வந்தால் போதும் என்று தங்களுக்கு ஒரு சட்டம் செய்துகொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமோ, 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வெளியான வழிபாட்டுச் சாசனத்தில், வாசகப் பகுதியும் பலிப் பகுதியும் சேர்ந்து ஒரே வழிபாடு என்று தெளிவாகச் சொல்லிற்று. ஆனாலும், "எத்தனை நிமிஷம் பிந்தினால் பூசை செல்லும்?" என்ற கேள்வி சாகவில்லை. சிநேகிதன் வீட்டு விருந்துக்குப் போகிறவன், எவ்வளவு பிந்திப் போனால் சாப்பாடு கிடைக்கும் என்று விசாரிப்பதுண்டா?

சரி, கடிந்துகொண்டாயிற்று. அப்படியானால் நேரத்தோடு வந்தவர் திரும்பிப் பார்ப்பது நியாயந்தானே என்பீர்கள். இங்கேதான் மயிலாப்பூரில் வாழும் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சாந்தோம் கடற்கரையோரத்தில், 1896-ல் எழுந்து, 1956-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பெரிய கோவில் யாருடைய கல்லறையின்மேல் நிற்கிறது? அப்போஸ்தலர்களில் பிந்தி வந்தவர் என்று பெயர் வாங்கியவரின் கல்லறையின்மேல் அல்லவா! ஆண்டவர் உயிர்த்த அன்று மாலை சீஷர்களுக்குக் காட்சி தந்தபோது, அர்ச். தோமையார் மாத்திரம் அங்கில்லை. தேவமாதாவின் மரணத்துக்கும் அவர் பிந்தியே வந்தார் என்று ஒரு பழைய பாரம்பரியக் கதையும் உண்டு. அன்று மாலை அவர் எங்கே போயிருந்தார்? அர்ச். அருளப்பர் சொல்லவில்லை. சோம்பலாயிருக்க நியாயமில்லை, லாசருவின் ஊருக்குப் போக மற்றவர்கள் தயங்கியபோது, அவரோடு சாக நாமும் போவோம் என்று முன்வந்தவர் இவரே. அப்பம் வாங்கப் போனாரோ, தனியே அழப் போனாரோ, நாமறியோம்.

அடுத்த எட்டு நாளை எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் கண்டதாகச் சொன்னதை அவர் நம்ப மறுத்துவிட்டார். வராமற்போனதோடு, வந்தவர்களின் வார்த்தையையும் தள்ளினார். அவர்களுக்கு எவ்வளவு மனத்தாங்கல் இருந்திருக்கும்! அவர்களோ யூதருக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள். அப்படியிருந்தும் எட்டாம் நாளில் தோமையார் அந்த அறைக்கு உள்ளே, அவர்களோடு இருந்தார் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. பூட்டிய கதவு அவருக்கு அடைபடவில்லை. அவர் இழந்ததும் கொஞ்சமல்ல. மற்றவர்கள் சந்தோஷத்தில் இருந்த எட்டு நாளை அவர் சந்தேகத்தில் கழித்தார். அதற்குமேல் ஒரு தண்டனையை அந்தச் சீஷர்கள் கூட்டவில்லை. ஆண்டவரோ அவருக்காகவே மறுபடியும் வந்தார்.

திராட்சைத் தோட்ட உவமையிலும் இதையே பார்க்கிறேன். சாயங்காலத்தில் கடைவீதியில் நின்றவர்களை எஜமான் கண்டதும், ஏன் நிற்கிறீர்கள் என்று காரணம் கேட்டார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றார்கள். காலையிலேயே வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதாகக் காணோம். அவர்கள் கூலியைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

எங்கள் பெஞ்சுக்கு வாரந்தோறும் பல்லவிச் சங்கீதம் பாடும் சமயத்தில் ஓர் அம்மாள் வருவார். கையில் ஒரு பை, நெற்றியில் வியர்வை. வெகுநாள் நானும் அந்தப் பார்வையைப் பார்த்தவன்தான். சென்ற ஆண்டு ஜூலை 3-ந் தேதி, அர்ச். தோமையார் திருநாள் பூசைக்குப் பிறகு, வரும் ஞாயிறுமுதல் அவருக்காக ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி உட்காருவது என்று தீர்மானித்துக்கொண்டேன். அவர் வருகிறார், உட்காருகிறார், சுவிசேஷத்துக்கு எழுந்து நிற்கிறார். ஏன் பிந்துகிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.