கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை

போன தீபாவளிக்கு முன்பு, புந்தோங்கில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெரியம்மா என்னை இப்படி அறிமுகப்படுத்தினார்: "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லைங்க. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, நம்பர் எடுக்கிறதுகூட கிடையாது." வந்தவர்கள் முகம் மலர்ந்தது. நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம்தான் வேலையிடத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். குத்தகைக்காரர் கொண்டுவந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் பதினொரு பேரின் ஓ.டி. கணக்கு. ஒவ்வொருவருக்கும் சில மணி நேரம் குறைத்து எழுதப்பட்டிருந்தது. அந்த இரவுகளில் நானும் அவர்களோடு நின்றவன் என்பதால் எனக்குத் தெரியும். "எப்பவும் இப்படித்தான் லா" என்றார் குத்தகைக்காரரின் ஆள். போட்டுவிட்டேன்.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய பட்டியலில் இது இல்லை, அவ்வளவுதான்.

உலகத்தின் பட்டியலிலும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2013இல் மலேசியா உட்பட 40 நாடுகளில், எட்டுச் செயல்களைச் சொல்லி, இவை ஒழுக்கப்படி ஏற்கத்தக்கவையா என்று கேட்டது. ஏற்க முடியாது என்றவர்களின் விகிதத்தை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்கள் இவை: மணத்துக்கு வெளியே உறவு 78%, சூதாட்டம் 62%, குடி 42%, விவாகரத்து 24%, கருத்தடை 14%. எட்டில் ஆறு, திருமணமும் படுக்கையறையும் சம்பந்தப்பட்டவை. மீதி இரண்டு குவளையும் சீட்டுக்கட்டும். அடுத்தவன் கூலியைப் பிடித்துக்கொள்வது பற்றிக் கேள்வியே இல்லை.

இதற்கு நியாயமான பதில் ஒன்று உண்டு. திருட்டும் கொலையும் தப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். கருத்து வேறுபடும் இடத்தில்தானே கேட்க வேண்டும்? சரிதான். ஆனால் கூலியைக் குறைப்பதைத் திருட்டு என்று நாம் நிஜமாகவே நினைக்கிறோமா? வாயால் சொல்வதை விடுங்கள். ஒரு சமூகம் எதைத் தப்பு என்று நினைக்கிறது என்பதை, அது யாருக்குப் பெண் கொடுக்க மறுக்கிறது என்பதில் பார்க்கலாம். குடிகாரனுக்குக் கொடுக்க மாட்டோம். ஆட்களின் பாஸ்போர்ட்டை லாச்சியில் பூட்டி வைத்திருக்கும் குத்தகைக்காரருக்கு? "நல்லா சம்பாதிக்கிறார்" என்போம்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். இன்று அங்கே செம்பனைதான் நிற்கிறது. அந்தத் தோட்டத்துக் கிராணியைப் பற்றி அடிக்கடி சொல்வார். "தங்கமான மனுசன். கள்ளுக்கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு. கோயில் கணக்கு அவருகிட்டதான்." கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேச்சில், "பால் நிறுக்கறப்ப மட்டும் ஒரு ராத்தல் ரெண்டு ராத்தல் உள்ள போயிரும்" என்பார். இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தான் என்பது பாட்டிக்கு உறுத்தவே இல்லை.

அதற்காகக் குடியை லேசாகச் சொல்ல வரவில்லை. குடித்துவிட்டு வந்தவன் கையால் அடி வாங்கியது பாட்டியும் லயத்துப் பெண்களும்தான். குடியை வெறுக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த வெறுப்பு குடித்தவனோடு நின்றுவிட்டது. அரசாங்க உரிமத்தோடு, தோட்டத்துக்குள்ளேயே, கொடுத்த சம்பளம் திரும்பி வரும்படி கள்ளுக்கடை வைத்தவர்களை யாரும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சொன்னதில்லை.

யாருமே என்பது தப்பு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத்தான் வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இருந்தது. தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது இருந்தது. கூடவே, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. துரையின் கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காதவன் ஒழுக்கம் கெட்டவன். தொழிலாளர்களோ கள்ளைக் கூலியோடு சேர்த்து, முதலாளியின் கணக்கில் எழுதினார்கள். பட்டியலையே புரட்டிப் போட்ட வேலை அது. அரசாங்கம் படையை இறக்கியது. அவர்களின் தலைவர் ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

வள்ளுவரும் கள்ளுண்ணாமையோடு நிறுத்தவில்லை. வெஃகாமைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனியாகப் பத்துப் பத்து குறள் எழுதினார். நாம் பள்ளிப் போட்டிக்கு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு, கல்யாணப் பேச்சுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த மாதத் தாளை நான் திருப்பி அனுப்பினேன். மணி நேரம் திருத்தப்பட்டு வந்தது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது, முதல் மாதமே கேட்டிருக்கலாம். விட்டுப்போன மணி நேரங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பதினொரு பேரில் இரண்டு பேர் இதற்குள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

பெண் வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டு பேர் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள்.