சாவியை மெக்கானிக்கிடம் கொடுங்கள்

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறதா? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை விராலிமலைக்குப் போவதை ஒத்திப்போடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். முதலில் வண்டியைப் பட்டறையில் விடுங்கள்.

“பழைய வண்டி, அப்படித்தான் ஆடும்”, “அறுவடை முடியட்டும்”, “முகூர்த்த மாசம், வாடகை கெட்டுப்போகும்” என்று நம் பக்கத்தில் சமாதானங்களுக்குக் குறைவே இல்லை. வண்டி நிற்கத்தானே செய்கிறது என்றும் கேட்பார்கள். நிற்கிறதுதான். ஆனால், நடுங்கும் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டுகிறவரின் கால், நடுக்கத்துக்குக் கூசி, பிரேக்கை மெல்லத் தொட்டே பழகிவிடுகிறது. கீரனூர் தாண்டி ஆட்டுமந்தை ஒன்று சடாரென்று சாலையில் ஏறும்போது அந்தக் கால் முழு பலத்தோடு மிதிக்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஒரு நொடித் தயக்கம் போதும்.

எதிரே வருவது ஆடாகவே இருக்கும் என்று யார் சொன்னது? 1990களின் தொடக்கத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்த மாவட்டம் நம் புதுக்கோட்டை. 2023 டிசம்பர் 30 அன்று நமணசமுத்திரத்தில் சாலையோர டீக்கடைக்குள் லாரி பாய்ந்து ஐந்து பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் காரணம் எதுவோ இருக்கட்டும்; நம் சாலையோரத்தில் எப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இனி, பட்டறைக்குப் போகுமுன் நீங்களே கவனிக்க வேண்டியவை. பிரேக்கைத் தொடாமலே 80, 90 வேகத்தில் வண்டி ஆடினால் டயரையோ வீல் பேலன்சிங்கையோ பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் ஆடினால் சந்தேகம் பிரேக் மேல்தான். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கர டிஸ்க். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்பக்க டிரம்மாக இருக்கலாம். நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஓட்டி முடித்தபின் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தாலோ, கேலிப்பர் இறுகியிருக்கிறது என்று வையுங்கள். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். மழையில் திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது பெடல் மட்டும் படபடவென்று காலில் தட்டினால் அது ஏபிஎஸ் வேலை செய்வது. பயந்து காலை எடுத்துவிட வேண்டாம்.

“டிஸ்க் பெண்டாயிருச்சு” என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் டிஸ்க் வளைவது அபூர்வம். சுற்றளவில் ஓரிடம் தேய்ந்து ஓரிடம் தேயாமல், அல்லது பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டி, கனம் மாறிப்போகிறது. தலைமுடியின் பருமனில் பாதிகூட இராத வேறுபாட்டுக்கே ஸ்டியரிங் ஆடத் தொடங்கும். கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கம் உப்புக்காற்றில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்த கார்களில் துரு ஏறும். மேலாக உள்ள துரு நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பேடுக்கு அடியில் ஆழமாக அரித்தது போகாது.

மெக்கானிக் தம்பிகளே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பேடை மட்டும் மாற்றி, டிஸ்க்கில் உப்புத்தாள் தேய்த்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு மாதத்தில் நடுக்கம் திரும்ப வரும். டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளந்து பாருங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். கடைசல் போட்டால் அதற்குக் கீழே போகும் என்றால் புதிது போடச் சொல்லுங்கள், அதுவும் இரண்டு பக்கமும். மாட்டுமுன் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டுங்கள். அங்கே ஒட்டிய ஒரு துணுக்கு புது டிஸ்க்கையும் ஆட்டிவிடும். கேலிப்பர் பின் தாராளமாக நகர்கிறதா, லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் சக்கரத்தை மாட்டாதீர்கள். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில், கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். ஏர் கன்னில் மனம்போல இறுக்குவதும் டிஸ்க்கைக் கெடுக்கும். ஆயுத பூசைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிற கை இதையும் செய்யட்டும்.

முதலாளிகளே, டிரைவர் வந்து “பிரேக் புடிச்சா ஆடுதுண்ணே” என்றால் அவர் வாயை அடைக்காதீர்கள். பழுது இருப்பது தெரிந்தும் வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டவிடுகிறவரும் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 190ஆம் பிரிவில் மாட்டுவார். அதனால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருட்சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. நடுங்கும் வண்டியைக் கழுவித் துடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் விற்பவரை என்னவென்று சொல்வது? வாங்குகிறவரும் பிள்ளைகுட்டிக்காரர். சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஆள்நடமாட்டமில்லாத சாலையில் 60 வேகத்திலிருந்து நிதானமாக, விட்டுவிட்டு, பல தடவை பிரேக் பிடியுங்கள். புதுப் பேடு படிவதற்கும் அதுதான் வழி. அப்போதும் ஸ்டியரிங் ஆடினால் சண்டை போடாமல், சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போங்கள்.