கேமராவின் கண்ணும் நம் கண்ணே

குடும்பத்தையும் பொருளையும் காத்துக்கொள்வது நம் கடமை. வாசலில் கேமரா வைத்து ரிக்கார்டரில் பதிவு செய்வது, கதவுக்குப் பூட்டுப் போடுவதைப் போன்றதே. ஆனால் பூட்டு யாரையும் பார்ப்பதில்லை, கேமரா பார்க்கிறது.

பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் கூறும்படி ஸூரத்துந் நூர் 27-ஆம் வசனம் பணிக்கிறது. கால் நுழையக் கூடாத இடத்தில் கண் நுழையலாமா? மதிலேறி அண்டை வீட்டு முற்றத்தை எட்டிப் பார்ப்பது தகாதென்றால், அதே மதிலில் கேமராவை ஏற்றிப் பார்ப்பதும் தகாது. "நான் பார்க்கவில்லை, ரிக்கார்டர்தானே பதிகிறது" என்பது சமாதானமாகாது. அதை வைத்தவர் நாம், பொறுப்பும் நமதே.

ஆகவே கேமராவை நம் வாசலை நோக்கியே பொருத்துங்கள். அப்படியும் அடுத்த வீட்டு ஜன்னல் தெரிந்தால், அப்பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி பல ரிக்கார்டர்களில் உண்டு. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு தானே அழியும்படி வையுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் 'மிராய்' என்னும் தீய புரோகிராம், அப்படி மாற்றப்படாத கேமராக்களையும் ரிக்கார்டர்களையும் ஏராளமாகக் கைப்பற்றியது.

பதிவில் விழும் பிறர் முகம் நம்மிடமுள்ள அமானிதம். களவு போனால் பார்ப்பதற்கு வைத்ததை, மருமகள் எப்போது வெளியே போனாள், அடுத்த வீட்டுக்கு யார் வந்தார் என்று ஓட்டிப் பார்ப்பது துருவி ஆராய்வதாகும். அதைத் தடுக்கும் ஸூரத்துல் ஹுஜுராத் 12-ஆம் வசனமே புறம் பேசுவதையும் தடுத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

வல்ல அல்லாஹ் நம் பார்வைகளைப் பேணிக் காப்பானாக! ஆமீன்.