கதவண்டையில் நிற்கும் பதில்



பேதுருவுக்காகச் சபையார் ஊக்கமாய் ஜெபித்தார்கள் (அப். 12). இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, 16 போர்ச்சேவகரின் காவலிலிருந்த அவரைத் தேவதூதன் வெளியே கொண்டுவந்தான். ஆனால் அவர் மரியாளின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே ரோதையின் சொல்லை நம்பவில்லை!

அதற்குச் சற்றுமுன்தான் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்திருந்தான். அந்தத் துக்கம் அவர்களுடைய எதிர்பார்ப்பைத் தளரச் செய்திருக்கலாம். நமக்கும் அப்படியே. ஒரு ஜெபம் நாம் விரும்பியபடி முடியாதபோது, அடுத்த ஜெபத்தை உதடுகள் மாத்திரமே ஏறெடுக்கின்றன.

யாக்கோபை மகிமையில் சேர்த்துக்கொண்டவரும் பேதுருவை விடுவித்தவரும் ஒரே கர்த்தரே. விசுவாசம் பதிலைவிடப் பதிலளிக்கிறவரையே பற்றிக்கொள்ளும். ஆகையால் முழங்காலில் கேட்டதை, எழுந்து கதவண்டையில் எதிர்பாருங்கள்.

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் சந்தேகத்தை அகற்றி, உம்மையே நோக்கிக் காத்திருக்கக் கிருபை தாரும். ஆமென்.