வானவில் இருக்க, கடலுக்கு ஏன் பயம்?

"இனி பிரளயம் வராதுன்னு தேவன் நோவாவோடே உடன்படிக்கை பண்ணிட்டாரே, கடல் ஏறினா நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். உலகமனைத்தையும் ஜலத்தால் அழிப்பதில்லை என்பதே தேவன் தந்த வாக்கு. மனுஷன் செய்கையால் ஒரு மீனவக் குப்பமும் மூழ்காது என்று அதில் இல்லை.

நிலக்கரி, பெட்ரோல் புகையால் பூமி சூடேறி, கடல்நீர் விரிந்து, பனிமலைகள் உருகி, 1900 முதல் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நெமிலிக்குக் கடல் தூரம்தான். ஆனால் பாலாற்றை நமக்குத் தெரியாதா? தோல் ஷாப்புக் கழிவு ஆற்றில் போனது. சம்பளம் நம் வீட்டுக்கு வந்தது. கிணறு கெட்டதோ ஆற்றோர விவசாயிக்கு! கெடுத்தவனே ஈடு கட்டவேண்டும் என்று 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சகேயுவும் கண்ணீரோடு நிற்கவில்லை. நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்க முன்வந்தான். தேவன் தம் வாக்கைக் காத்தார். நாம் அயலானைக் காத்தோமா? இன்றிரவு முழங்காலில் நின்று கேட்போம். நாளைக் காலை வீணாய் எரிப்பதை நிறுத்துவோம். ஆமென்.