கால்வாயில் தீர்த்தமாடும் அம்பாள்

ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குத் தீர்த்தவாரி நடப்பது, சரக்குப் படகுகள் போய்வரும் டாட்டெல்ன்-ஹம் கால்வாயில். மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் சிறந்திருக்க வேண்டும் என்பார்கள் சைவர்கள். ஹம்மில் தலத்தைக் காட்டியது கனவோ அசரீரியோ அல்ல. 1989இல் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஈழத்து அகதிகளுக்காகத் தொடங்கிய கோயில் அது. திருவிழா தெருவுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தார் முறையிட, நகரின் ஓரத்து உவெண்ட்ரோப் தொழிற்பேட்டைப் பக்கம் போக வேண்டியதாயிற்று. அங்கே கோபுரத்தோடு கட்டிய கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. இன்று தேருக்கு ஐரோப்பா எங்கிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் திரள்கிறது. செடில் குத்திய காவடிகள் தார்ச்சாலையில் ஆடி வருகின்றன.

கடல் கடந்து வருவது கடவுளுக்குச் சிரமமில்லை. மஞ்சளைப் பிடித்து வைத்தாலே பிள்ளையார் எழுந்தருளிவிடுவார். சிரமம் அடுத்த தலைமுறைக்குத்தான்.

யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற பிள்ளையை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மன் பள்ளியிலோ சமயம் ஒரு பாடம். அரசியலமைப்பின் 7ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. உங்களுக்கு எத்தனை கடவுள், கன்னத்தில் ஏன் வேல் குத்துகிறார்கள் என்று கூடப் படிப்பவர்கள் கேட்பார்கள். "அது எங்கட வழக்கம்" என்ற பதில் வீட்டில் செல்லும், வகுப்பில் செல்லாது.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரத்துச் சைவநெறிக்கூடம் என்ற அமைப்பு இதற்கு ஒரு வழி பார்த்தது. 2014 டிசம்பரில் திறந்த 'சமயங்களின் இல்ல'த்தில், பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்தர் வழிபாட்டிடமும் இருக்கும் அதே கூரையின்கீழ், அவர்களுடைய கோயிலும் இருக்கிறது. அங்கே பூசை வடமொழியில் அல்ல, தமிழில்; பெண்களும் பூசை செய்கிறார்கள். சொல்வது புரிந்து வழிபட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வாதம் நியாயமானதுதான். ஆனால் பேர்னில் பிறந்த பிள்ளை சண்டை பிடிப்பதும் கணக்குப் போடுவதும் சுவிஸ் ஜெர்மனில். தேவாரம் பாடிய சம்பந்தரின் தமிழ் அதற்கு வடமொழியைவிடக் கொஞ்சம் கிட்ட, அவ்வளவுதான். புரிவதுதான் அளவுகோல் என்றால் அடுத்து ஜெர்மனில் அர்ச்சனை செய்ய வேண்டும். எத்தனை பெற்றோர் ஒப்புவார்கள்?

ஒப்பத் தயங்குவார்கள் என்றால் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. அவர்களுக்குக் கோயில் என்பது சாமியும் ஊரும் சேர்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தேவை அவர்களுக்கு வந்ததில்லை. பிள்ளைகளிடம் அவை பிரிகின்றன. ஒருவனுக்குத் தவிலும் தேரும் போதும், நம்பிக்கை இல்லை. ஒருத்தி நம்புகிறாள், ஆனால் தேவாரத்தை ரோமன் எழுத்தில் வாசிக்கிறாள். யார் வாரிசு?

சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஆன்மாவின் இயல்பு, சார்ந்ததன் வண்ணமாதல். அப்படியானால் பேர்னில் வளர்ந்தவள் பேர்னின் நிறம் கொள்வது பிறழ்வு அல்ல, ஆன்மாவின் குணம். அவள் சிவத்தையும் சார்கிறாளா என்பதே கேள்வி. அதை மொழிப் பரீட்சை வைத்து அளக்கச் சித்தாந்தம் சொல்லவில்லை.

சமயங்களின் இல்லத்துக்குப் பள்ளி மாணவர்கள் கூட்டமாக வருகிறார்கள். திருநீறு ஏன், தீபம் ஏன் என்று அவர்களுக்கு ஜெர்மனில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவறைக்கு வெளியே அந்த மொழி ஏற்கெனவே சைவம் பேசுகிறது. உள்ளே விடுவதா வேண்டாமா என்ற வழக்கு இனிப் பிள்ளைகளின் கையில்.