போனஸ் இல்லாத கிறிஸ்துமஸ்

திருப்பூரில் ஆடி முடிந்தால் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "இந்த வருசம் போனஸ் எத்தனைங்க?" டீக்கடையில், டவுன் பஸ்ஸில், கட்டிங் மேஜை ஓரத்தில் எங்கும் அதே பேச்சு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 என்று 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் எழுதி வைத்தது. 8.33 என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். சட்டத்தில் இது ஒரு வரி. காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவருக்கு அதை யார் கொடுப்பது, பாதி வருசத்தில் கம்பெனி மாறி வந்தவருக்கு எந்தக் கணக்கு, பவர்டேபிள் என்னும் தையல் கூடத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு எதன் மேல் சதவீதம் என்பதையெல்லாம் ஒவ்வொரு தீபாவளிக்கும் புதிதாகப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. துணிமணி, பட்டாசு, பலகாரம், ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட் அத்தனையும் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும்.

அமெரிக்காவில் முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கார்ட்டூன் குடும்பக் கதையும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் முதல் முழு அத்தியாயம் 1989 டிசம்பர் 17 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியாக வந்தது. ஹோமர் சிம்ப்சன் அணுமின் நிலையத் தொழிலாளி. போனஸை நம்பிப் பண்டிகைக் கணக்குப் போட்டவன். முதலாளி பர்ன்ஸ் ஒலிபெருக்கியில் பேசுகிறார். நிலையத்தின் பாதுகாப்பைக் கூட்டியாயிற்று, வாங்குகிறவருக்கு விலை ஏறவில்லை, நிர்வாகிகளின் சம்பள உயர்வுக்கும் குறைவில்லை. தொழிலாளிகளுக்கு மட்டும் இந்த முறை போனஸ் கிடையாது என்கிறார். வீட்டில் மனைவி மார்ஜ் ஜாடியில் சேர்த்து வைத்த பணமோ மகன் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கச் செலவாகிவிட்டது. ஹோமர் மனைவியிடம் சொல்லாமல் ஒரு பேரங்காடியில் கிறிஸ்துமஸ் தாத்தா வேசம் கட்டப் போகிறான். கைக்கு வருவது 13 டாலர். மொத்தச் சம்பளம் 120. சமூகப் பாதுகாப்பு, வேலையின்மைக் காப்பீடு, தாத்தா பயிற்சிக் கட்டணம், உடுப்பு விலை, தாடி வாடகை என்று பிடித்தது போக மிச்சம் அவ்வளவுதான்.

தாடி வாடகை என்ற இடத்தில் அமெரிக்கர்கள் சிரித்திருப்பார்கள். சனிக்கிழமைச் சம்பளக் கவரில் அட்வான்ஸ், ஹாஸ்டல், மெஸ் என்று பிடித்தம் போனதைப் பார்த்துப் பழகியவருக்கு அது இன்னொரு பிடித்தம்.

பண்டிகைக் கதை முதலில் வந்ததுகூடத் திட்டமிட்டதல்ல. முதலாவதாக ஒளிபரப்ப வைத்திருந்தது வேறோர் அத்தியாயம். லாஸ் ஏஞ்சலஸில் எழுதி, குரல் பதிந்து, ஆயிரக்கணக்கான படங்களை வரைந்து வண்ணமடிக்கும் வேலையைத் தென்கொரியாவின் சியோலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததைப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் செக்கிங்கில் மாட்டி, பெரும்பகுதி ஆல்ட்டருக்கு, அதாவது திருத்த வேலைக்குப் போயிற்று. அது தேறி வருவதற்குள் 1990 மே ஆகிவிட்டது. ஜாப் ஒர்க்கில் நேர்ந்த ஒரு தாமதத்தால் அந்தக் குடும்பம் பண்டிகையோடு அறிமுகமானது.

அதன்பின் பண்டிகைகள் வரிசை கட்டின. 1990 அக்டோபரிலிருந்து ஹாலோவீன் பேய்க்கதைகள். பிறகு நன்றி கூறும் நாள், காதலர் தினம், இன்னும் பல கிறிஸ்துமஸ்கள். 2003-இல் கிறிஸ்துமஸ் அத்தியாயங்களை ஒரே டிவிடியில் போட்டு விற்றார்கள். உள்ளே இருப்பவற்றைப் பார்த்தால் தொகுத்தவர்களின் பெருந்தன்மை விளங்கும். ஹோமர் வண்டி வாங்கிச் சாலைப் பனியைத் தள்ளிப் பிழைக்கும் கதையும் அதில் உண்டு. அதில் கிறிஸ்துமஸ் இல்லை, பனி மட்டும் இருக்கிறது. மகள் லிசா பௌத்தத்துக்கு மாறும் கதையும் உண்டு. இப்போது எல்லாம் டிஸ்னி வசம். டிவிடியின் மேலட்டையில் தொப்பியும் தோரணமும் வந்தபின், போனஸ் இல்லை என்ற அறிவிப்பும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் குதூகலமாகிவிட்டது.

நமக்கும் இது புதிதல்ல. தமிழ்ப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளி மலர் போட்டவை. சன் டிவி தொடங்கியதே 1993-இல் தமிழ்ப் புத்தாண்டு அன்று. தீபாவளி என்றால் காலையில் பட்டிமன்றம், பிறகு நடிகர் பேட்டி, மாலையில் 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' ஒரு படம். அந்தப் படத்துக்கும் தீபாவளிக்கும் உள்ள சம்பந்தம், பனி தள்ளும் வண்டிக்கும் ஏசுவின் பிறப்புக்கும் உள்ள அளவுதான்.

பண்டிகையைப் பருவம் மாற்றித் தயாரிப்பது திருப்பூரின் பிழைப்பு. 2024-25-இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. டிசம்பரில் வெளிநாட்டுக் கடையில் தொங்க வேண்டியது இங்கே கோடையிலும் ஆடிக் காற்றிலும் தயாராகிறது. பிரிண்டிங் பட்டறையில் நீள மேஜைகளின் மேல் வெட்டிய முன்பாகங்களை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். கலர் ஒன்றுக்கு ஒரு ஸ்கிரீன். முதல் ஆள் மஞ்சளை இழுத்துவிட்டுப் போவார். அப்போது துணியில் இருப்பது முகமில்லாத ஒரு திட்டு. அடுத்து சிவப்பு, வெள்ளை. கறுப்புக் கோடு விழுந்த பிறகுதான் கண் முளைக்கும், வாய் சிரிக்கும். மஞ்சள் ஒரு சாயல் கூடினாலும் குறைந்தாலும் பையர் ஏற்கமாட்டார். உரிமம் வாங்கிய உருவம் அது. இழுக்கிறவருக்கு அந்த முகம் யாருடையது என்று தெரிய வேண்டியதில்லை. ஃபேன் போட்டால் மை காய்ந்துபோகும் என்று பனியனைக் கழற்றிவிட்டுப் பனிக்கட்டியும் கலைமானும் அச்சடிப்பார்.

மிஞ்சியதும் ஒதுக்கியதும் கழுத்து லேபிள் வெட்டப்பட்டுக் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். வைகாசி வெயிலில் ஒரு கடையில் அம்மா ஒருவர் கலைமான் போட்ட முழுக்கை டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது ஆடுங்களா?"

"மானுங்க அக்கா. எக்ஸ்போர்ட் பீஸுங்க, சாயம் போகாது."

"மூக்கு எதுக்குங்க செவப்பா இருக்குது?"

"அது டிசைனுங்க."

நூற்று இருபது சொன்னார், தொண்ணூறுக்கு முடிந்தது. பையன் அங்கேயே போட்டுக்கொண்டான்.

சிம்ப்சன்ஸ் இந்த வாழ்க்கையை எட்டிப் பார்க்காமல் இல்லை. 2010 அக்டோபர் 10 அத்தியாயத்தின் தொடக்கக் காட்சியைப் பிரிட்டிஷ் சுவர் ஓவியர் பேங்க்ஸி வடிவமைத்தார். இருண்ட ஆசியத் தொழிற்கூடம் ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து படம் வரைகிறார்கள். பூனைக்குட்டிகளை அரைத்து பொம்மைக்குள் அடைக்கிறார்கள். நோஞ்சான் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பால் டிவிடிக்கு ஓட்டை போடுகிறார்கள். கூர்மையான கேலிதான். அதை வரைந்து கொடுக்கும் வேலையும் வழக்கம்போல் சியோலுக்கே போனது. அங்கே அதை வரைந்த ஸ்டுடியோவின் தலைவர் தங்கள் இடம் அப்படிப்பட்டதல்ல என்று மறுப்புச் சொன்னார்; வேலையை முடித்துக் கொடுக்கவும் செய்தார். ஆர்டர் என்று வந்தபின் அதில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஜாப் ஒர்க்காரர் பார்க்க முடியாது.

கார்ட்டூனில் ஒரு வசதி, முதலாளிக்கு முகம் இருக்கிறது. பர்ன்ஸைப் பார்த்தாலே தெரியும். இங்கே பவர்டேபிள் நடத்துபவர் பத்து வருசத்துக்கு முன்பு அவரே டைலர். கம்பெனிக்காரர் பில்லைத் தள்ளிப்போட, மனைவி நகையை அடகு வைத்துப் போனஸ் கொடுக்கிறவர் உண்டு. கம்பெனிக்காரர் பையரைக் காட்டுவார், பையர் சந்தையைக் காட்டுவார். 2025 ஆகஸ்ட் 27-இலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்தச் சங்கிலி வாஷிங்டன் வரை நீண்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்கு. கிறிஸ்துமஸ் சரக்கு கப்பலேற வேண்டிய வாரங்கள் அவை. நிறுத்தி வைத்த ஆர்டர்களும் தள்ளுபடி கேட்கும் மின்னஞ்சல்களும் வந்தன. அக்டோபர் 20 தீபாவளி. அவர்கள் கிறிஸ்துமஸில் விழுந்த வெட்டு, நம் தீபாவளிக் கவரில் தெரியுமா என்ற கவலையோடு அந்த வருசத்துப் போனஸ் பேச்சு நடந்தது.

ஹோமரின் முதல் கிறிஸ்துமஸ் எப்படி முடிகிறது? கையிலிருந்த 13 டாலரை நாய்ப் பந்தயத்தில் கட்டித் தோற்கிறான். கடைசியாக வந்ததால் சொந்தக்காரன் விரட்டிவிட்ட அந்த நாயை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். குழந்தைகள் துள்ளுகிறார்கள், பண்டிகை காப்பாற்றப்படுகிறது. பர்ன்ஸிடம் போனஸைப் பற்றி யாரும் மறுபடி கேட்பதில்லை.

திருப்பூர் கேட்டிருக்கிறது. 1984-இல் பஞ்சப்படிக்காக பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹோமரும் ஒருமுறை கேட்டான். 1993 மார்ச் 11 அன்று வந்த அத்தியாயத்தில் அவன் சங்கத் தலைவர். பல் வைத்தியச் சலுகையை நிர்வாகம் பறிக்கப் பார்க்கிறது, வேலைநிறுத்தம், பர்ன்ஸ் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்துகிறார், இருட்டில் தொழிலாளிகள் கைகோத்துப் பாடுகிறார்கள். கடைசியில் முதலாளி இறங்கி வருகிறார், ஹோமர் தலைவர் பதவியை விட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. தொடரின் ஆகச் சிறந்த அத்தியாயம் என்று விமர்சகர்கள் பலர் சொல்வது இதைத்தான். கிறிஸ்துமஸ் டிவிடியில் இது கிடையாது. பனி தள்ளும் வண்டிக்கு அதில் இடமிருந்தது.